டிம்லதான் வந்தோம்

மே 3, சனி

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்தவர்கள் கொடைக்கானல் போகிறார்கள், குற்றாலம் போகிறார்கள். நான் ஆண்டிபட்டி போகிறேன். தினமும். விடிகாலை நாலு மணிக்கு. மாவு வாளிகளோடு.

அம்மா இட்லி மாவு அரைக்கிறாள். அப்பா அதைக் காரில் ஏற்றி உசிலம்பட்டியிலிருந்து கணவாய் ஏறி, ஆண்டிபட்டி வரைக்கும் உள்ள பத்து இட்லிக்கடைகளுக்குப் போடுகிறார். வாளி தூக்கிக்கொண்டிருந்தவர் போன வாரம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். உடனே வீட்டில் எல்லோருடைய பார்வையும் என் தோள்பட்டைமேல் விழுந்தது.

"லீவுலதானத்தா இருக்க. ஒரு மாசம்" என்றார் அப்பா.

ஒச்சப்பன் மகள் மோனிஷா என்கிற பதவியில் இதெல்லாம் அடக்கம். என் சம்மதம் அடக்கமில்லை.

காரின் பின் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டாகிவிட்டது. அந்த இடத்திலும் டிக்கியிலுமாகப் பதினாலு வாளி. மகிழுந்து என்று எங்கள் தமிழ் சார் சொல்லுவார். இதில் மகிழ ஒன்றுமில்லை. இது மாவுந்து.

மே 5, திங்கள்

எரிச்சல். எதிரே வருகிற அத்தனை பேரும் எங்களைப் பார்த்து லைட் அடிக்கிறார்கள். லாரி, பஸ், பால் வண்டி, ஒருத்தர் விடாமல். சிலர் அடித்துவிட்டு அப்படியே முழு வெளிச்சத்தையும் எங்கள் முகத்தில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு கோழி வண்டிக்காரர் ஜன்னல் வழியாக எங்கள் பரம்பரையையே விசாரித்தார்.

"டிம்லதான்டா வாரேன்!" என்று அப்பா கண்ணாடிக்குள்ளிருந்து கத்துகிறார். உண்மை. பிரைட் போட்டால் டேஷ்போர்டில் நீல விளக்கு எரியும். எரியவில்லை. நானே பார்த்தேன்.

போகும்போது இருபத்தேழு பேர் அடித்தார்கள். திரும்பி வரும்போது, அதே இருட்டில், அதே காரில், ஒருத்தர்கூட இல்லை.

மே 6, செவ்வாய்

முப்பத்தொன்று. திரும்பும்போது பூஜ்யம்.

அப்பாவின் ஆராய்ச்சி முடிவு: "தேனிப் பக்கமிருந்து வாரவய்ங்களுக்குத் திமிரு. நம்ம பக்கத்து ஆளுக மட்டு மரியாதையாப் போறாய்ங்க."

எங்கள் அப்பா டிம் விஷயத்தில் ரொம்பக் கறார். எதிரே ஒரு சைக்கிள் வந்தால்கூட டிம் பண்ணுவார். ஒருமுறை எதிரே நின்ற எருமை மாட்டுக்கு டிம் பண்ணினார். அப்படிப்பட்டவரைத்தான் உலகம் திட்டுகிறது. எதிரே வருகிறவர்களைக் கூச வைக்கிற, கூச்சமே இல்லாத குடும்பம் என்று எங்களைப் பற்றி ரோட்டில் பேச்சாகியிருக்கும்.

மே 8, வியாழன்

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மினுங்கும் ஸ்டிக்கர் எழுத்தில் ஒரு வாசகம் ஒட்டினேன்: "நாங்க டிம்முதான். திட்டுற நீங்கதான் டிம்மு." அதை முன்கண்ணாடியில் வைத்தேன். உலகம் இதைப் படித்துத் திருந்தும் என்று எதிர்பார்த்தேன். முதல் லாரிக்காரர் படிப்பதற்காகவே பிரைட் போட்டார்.

அப்பா அட்டையைப் பிடுங்கிப் பின்னால் வீசினார். அது மாவு வாளிமேல் விழுந்தது. செல்லம்பட்டி அத்தையின் இட்லிக்கடையில் இன்றைக்கு யாராவது மினுமினு இட்லி சாப்பிட்டிருப்பார்கள்.

"பேசாம நாமளும் திருப்பி அடிப்போம்ப்பா. ஒரே ஒரு அடி. அடங்கிருவாய்ங்க."

"ரோட்டுல கோவத்துக்கு லைட்டப் போடக் கூடாது மோனி. அவன் கண்ணு மங்கி நம்ம மேலயே வந்து விழுவான். இல்ல, எங்கிட்டாச்சும் விழுவான்."

லைட் போடுகிற கம்பி இந்தக் காரில் ஸ்டீரிங்குக்கு இடது பக்கம். நான் உட்காரும் இடத்திலிருந்து கைக்கு எட்டும். சும்மா எழுதி வைக்கிறேன்.

மே 9, வெள்ளி

இருபத்தொன்பது.

கணவாய் ஏற்றத்தில் வேப்பமரத்து வளைவில் ஒற்றை விளக்கு ஒன்று மேலிருந்து இறங்கி வந்தது. டிவிஎஸ் வண்டி. மூன்று முறை சிமிட்டியது. மின்மினி சைஸில் இருந்துகொண்டு அதுவும் எங்களுக்குப் புத்தி சொல்லுகிறது. பதில் சொன்னோம். போய்விட்டோம்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் அதன் சிவப்பு விளக்கைத் தேடினேன். காணோம். பின் விளக்கு எரியாமல் எத்தனையோ டிவிஎஸ் ஓடுகிறது.

அப்பா என் கையில் சுள்ளென்று ஒரு அடி போட்டார். அது வேறு விஷயம்.

மே 10, சனி

கணவாய்க்கு மேலே ராசாத்தி அக்காவின் இட்லிக்கடை. எங்களிடம் ரெண்டு வாளி வாங்குவார். மாவை இறக்கியதும் அப்பாவுக்கு டீ, எனக்கு ஒரு பன். இதுதான் வழக்கம்.

"நேத்து விடியக்கால கூத்து தெரியுமாண்ணே? நம்ம வீரணன் இருக்கார்ல, பூவு கொண்டு போறவரு, கரட்டுப்பட்டிக்காரரு. எவனோ ஒரு கார்க்காரன் பிரைட்டப் போட்டு, மனுசன் ஓடைக்குள்ள போயிட்டாரு. வலது காலு ரெண்டு எடத்துல முறிஞ்சிருச்சு. தேனிப் பெரியாஸ்பத்திரில கெடக்காரு."

"இவய்ங்களுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். "கண்ணத் தொறந்துக்கிட்டே குருடனா ஓட்டுறது. இவன மாதிரி ஆளப் பிடிச்சு..."

"அந்த வேப்பமரத்து வளைவுலதாண்ணே. நாலரை மணி இருக்கும். ஒரு மூட்டை மல்லியும் ஓடையில. இந்நேரம் வரைக்கும் அங்கிட்டு அந்த வாசம்தான்."

அப்பா டீயைப் பாதியில் விட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டார். டீ ரொம்பச் சூடாக இருந்திருக்கும்.

நான் பன்னை முழுசாகச் சாப்பிட்டேன். ராசாத்தி அக்கா தப்பாக நினைக்கக் கூடாதே.

மே 11, ஞாயிறு

வேப்பமரத்து வளைவில் ஜன்னலை ஏற்றிக்கொண்டேன். மல்லிகை வாசம் எனக்குப் பிடிக்காது. இன்றிலிருந்து.

மே 13, செவ்வாய்

"அரை வாளி மாவு வீரணன் வீட்டுல குடுத்துரு" என்றார் அப்பா, கரட்டுப்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் காரை நிறுத்தி. "அவுக வீட்டுல ஒலை வைக்கக்கூட ஆளிருக்காது."

"நீங்க வரலையா?"

"வண்டி ரோட்டோரமா நிக்கிது."

வண்டிக்குத் துணையாக அப்பாவை விட்டுவிட்டு நான் போனேன். வீரணனின் மனைவி பேர் பவுன். ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரிதான் வந்தாராம், திரும்பவும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாளியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வீட்டுப் பிள்ளைத்தா நீ? பெத்தவுக நல்லா இருக்கணும்."

"அவருக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"கம்பி வச்சிருக்காக. மூணு மாசம் கால ஊனக் கூடாதாம். பூவு செடியிலயே மலந்து உதுருது. பறிக்க நானிருக்கேன், சந்தைக்குக் கொண்டு போக வண்டி ஓட்டத் தெரியாதே எனக்கு. அந்தக் கார்க்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்..."

எந்தக் கார்க்காரன் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. மாவு கொடுப்பதானால் அவரே கொடுக்க வேண்டியதுதானே. காரில் ஏறியதும் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "டிம்லதான் வந்தோம் மோனி. நீலம் எரியல. நீயே பாத்த." மூன்று நாளாக இதையேதான் சொல்லுகிறார். ரோட்டைப் பார்த்து, டீ கிளாஸைப் பார்த்து, சாமி படத்தைப் பார்த்து. நானும் ஆமாம் என்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

மே 16, வெள்ளி

ராத்திரி பூராவும் கரண்ட் இல்லை. கிரைண்டர் ஓடவில்லை. நாலே வாளி மாவு. ஐந்து கடைக்காரர்களின் ஏச்சு.

ஆனால் ஒரு அதிசயம். போகும்போதும் இரண்டே இரண்டு பேர்தான் லைட் அடித்தார்கள்.

தேனிப் பக்கத்து ஆட்களின் திமிர் ஒரே ராத்திரியில் கரண்டோடு சேர்ந்து போய்விட்டதா? வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பதினாலு வாளி, முப்பது திட்டு. நாலு வாளி, இரண்டு திட்டு. காலி வாளி, திட்டே இல்லை. எங்களைத் திட்ட வைத்தது அவர்களுடைய திமிர் இல்லை. எங்கள் மாவு.

மே 17, சனி

சாயங்காலம் இருட்டியதும் காரைக் கல்யாண மண்டபத்துச் சுவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். காலி வண்டி. டிம் போட்டதும் சுவரில் வெளிச்சம் முடிகிற இடத்தில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டேன். என் இடுப்பு உயரம்.

அப்புறம் பதினாலு வாளியிலும் தண்ணீர் நிரப்பி ஏற்றினேன். "எதுக்குடி இந்தக் கொலவெறி?" என்று அம்மா புலம்பிக்கொண்டே ஒரு கை பிடித்தாள். பின்பக்கம் அமுங்கியது. மூக்கு மேலே போனது. சுவரில் வெளிச்சம் ஏறி ஏறி என் கழுத்துக்கு வந்து நின்றது.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு காரைத் திருப்பி மண்டபத்துக் காலி இடத்தில் நிறுத்தி, என்னை ஸ்டீரிங் பக்கம் உட்கார வைத்துவிட்டு, அவரே நாற்பது எட்டு தள்ளிப் போய், டிவிஎஸ் ஓட்டுகிற ஆள் மாதிரி குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். நான் டிம் போட்டேன். டிம்தான். நீலம் எரியவில்லை.

முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அமத்து" என்றார். அமர்த்தினேன். எழுந்து வருவதற்கு அவருக்கு ரொம்ப நேரமானது. இருட்டில் வழியைத் தடவித் தடவி வந்தார். வழியில் இருந்த கல்லில் தடுக்கி ஒரு செருப்பு கழன்றது.

மே 18, ஞாயிறு

மெக்கானிக் ஜாபர் அண்ணனிடம் போனோம். அண்ணன் ஸ்டீரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது என்னண்ணே இது, கோயிலா?"

ஸ்டீரிங்குக்கு வலது பக்கம் ஒரு சின்னத் திருகு. அம்மா ஆறு வருசமாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்திருக்கிறாள். ஸ்டீரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பார்க்க அழகாகத் தனியாக நிற்கிற இதற்கு ஒன்று. ஒருவரும் துடைக்கவில்லை. ஆறு வருசத்துச் சந்தனம் சிமெண்ட் மாதிரி கெட்டியாகி, அதன்மேல் ஒரு மஞ்சள் நூல் வேறு.

"இது ஏதோ ஏசிக்கு உள்ளதுன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. "நம்ம கார்ல ஏசி ஓடலையேன்னு தொடல."

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியதும் கீழே பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வந்தன. பின்னால் பாரம் ஏற்றினால் முன் விளக்கைத் தாழ்த்துவதற்கு உள்ள திருகு. அண்ணன் மூன்றுக்குத் திருப்பினார். விளக்கு 'ர்ர்' என்று முனகித் தலை குனிந்தது.

"இத்தன வருசமா ஒரு தடவகூடத் திருப்பலையா? கும்பிட மட்டும் செஞ்சீகளா?"

வழக்கமாக இந்த மாதிரி ஒரு கேள்விக்கு நான் பத்து ஜோக் வைத்திருப்பேன்.

மே 19, திங்கள்

மூன்றில் வைத்துப் போனோம். முழு பாரம். ஒருத்தரும் லைட் அடிக்கவில்லை. ஊமையாகிவிட்ட மாதிரி இருந்தது ரோடு.

"போயிச் சொல்லிருவோம்ப்பா" என்றேன், கரட்டுப்பட்டி விலக்கில்.

"என்னான்னு?"

"நம்ம கார்தான்னு."

"சொன்னா? இந்த ரோட்டுல பத்துக் கடை. அம்புட்டுப் பேரும் வீரணன் கையால பூ வாங்கி சாமிக்குப் போட்டவக. நாளைக்கு ஒருத்தி நம்ம மாவ வாங்குவாளா? உங்கம்மா கை வீங்க அரைக்கிறத எங்கிட்டுக் கொட்ட?"

"அப்ப சொல்ல வேணாமா?"

"நான் டிம்லதான் வந்தேன்!" ஸ்டீரிங்கில் ஓங்கி அடித்தார். ஹாரன் அலறியது. வயலில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

கத்தி முடித்ததும் என்னைப் பார்த்தார். அவர் என்ன கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். காரில் ரெண்டு பேருமே ஒளிவு மறைவில் இருக்கிறோம். இதில் ஒளி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மே 20, செவ்வாய்

ஒன்பதாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "பதில் சொன்னோம்" என்று இருக்கிறது. அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தேன். திருத்தவில்லை. மை தீர்ந்திருக்கும்.

மே 22, வியாழன்

வீரணன் வீட்டுக்கு வந்துவிட்டாராம். ராசாத்தி அக்கா சொன்னார். அப்பா டீயை முழுசாகக் குடித்தார். பிறகு என்னிடம், "ஏறு" என்றார். கரட்டுப்பட்டி விலக்கில் கார் உள்ளே திரும்பியது.

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். நான் பெரிய மீசையோடு ஒருத்தரைக் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். ஒல்லியாக, எங்கள் பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவர் மாதிரி இருந்தார்.

"வாங்கண்ணே. மாவு குடுத்து விட்டீகளாம். பவுனு சொன்னுச்சு."

அப்பா உட்காரவில்லை. "வீரணா, அது எங்க வண்டிதான்" என்றார். "பாரம் ஏத்தி மூக்கு தூக்கிருச்சு. டிம்முல வந்தாலும் பிரைட் மாதிரி அடிச்சிருக்கு. எனக்கு அது தெரியல. தெரியாம இருந்தது என் தப்புதான்."

பவுன் அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். கையில் கரண்டி. அதில் எங்கள் மாவு.

வீரணன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளைக் காரு. வாளிக்காரரு. தெரியும்ணே. ரெண்டு வருசமாத் தெனமும் உங்க வெளிச்சத்துலதான நான் கணவா எறங்குறேன்."

"தெரிஞ்சா ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லாமயா? தெனமும் மூணு தடவ லைட்ட அடிச்சுக் காமிப்பேன். இந்த டிவிஎஸ்ஸு வெளிச்சம் உங்களுக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது. அதான் நானே ஒரு வழி பண்ணிக்கிட்டேன். உங்க வண்டி வளைவுல ஏறுனதும் ஒத்தக் கண்ண மூடிக்கிருவேன். நீங்க தாண்டுனதும் மூடுன கண்ணத் தொறந்தா, அந்தக் கண்ணுக்கு ரோடு தெரியும். ரெண்டு வருசம் அப்பிடித்தான் ஓடுச்சு. அன்னைக்கு மட்டும்..."

அப்பாவின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அன்னைக்கு மூணு தடவ அடிச்சேன். மொத மொறையா உங்க வண்டியில இருந்து ஒரு பதிலு வந்துச்சு. பளிச்சுன்னு. அடடா, பாத்துட்டாருய்யா, டிம் பண்ணப் போறாருன்னு நெனச்சு, மூடுன கண்ணத் தொறந்துட்டேன். அந்த வெளிச்சம் அப்பிடியே உள்ள போயிருச்சு. ரெண்டு கண்ணும் போச்சு. எதுக்குண்ணே அப்பிடி அடிச்சீக?"

வெளியே ஒரு ஆடு செருமியது. அப்பா தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டார்.

"கை தவறிப் பட்டுருச்சுப்பா" என்றார்.

எருமைக்கு டிம் பண்ணுகிற மனுசர்.

"எங்கப்பா அடிக்கல மாமா" என்றேன். "நாந்தான். எட்டிக் கம்பிய இழுத்தேன். எல்லாரும் எங்கள அடிக்கிறாகன்னு கோவம். பெரிய வண்டிக்காரக யாரையும் அடிக்கத் தைரியம் இல்ல. உங்க லைட்டு சின்னதா இருந்துச்சு."

இதை நான் வேறு மாதிரி சொல்லலாம் என்று பத்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதில் கடைசி வாக்கியம் இல்லை. அது தானாக வந்தது.

பவுன் அத்தை உள்ளே போனார். எங்கள் வாளியை எடுத்து வந்து, மாவோடு, வாசலில் வைத்தார்.

"என் கையில கையக் குடுத்துக்கிட்டு நின்னியேடி" என்றார்.

மே 23, வெள்ளி

ராசாத்தி அக்கா மாவு வேண்டாம் என்றுவிட்டார். இன்னும் மூன்று கடை. அம்மா மீந்த மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திட்டுக்கு எனக்குப் பதில் தெரியும்.

மே 25, ஞாயிறு

கரட்டுப்பட்டி விலக்கில் பவுன் அத்தை நின்றிருந்தார். கையை நீட்டிக் காரை நிறுத்தினார். அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"திரும்பும்போது சும்மாத்தான போறீக. அவரு காலு ஊனுற வரைக்கும் எங்க பூவ நீங்கதான் சந்தையில சேக்கணும். நானும் வருவேன். ஒங்கள நம்பி விட மாட்டேன்."

"சரித்தா" என்றார் அப்பா.

"இது பாக்கியத் தீத்ததா ஆகாது. பூவு உதுரக் கூடாது, அதுக்குத்தான்."

மே 27, செவ்வாய்

முன் சீட்டில் பவுன் அத்தை. பின்னால், காலி வாளிகளுக்கும் மல்லி மூட்டைகளுக்கும் நடுவே நான். அத்தை என்னோடு பேசுவதில்லை. மூன்று நாளாகிறது. நானும் ஜோக் ஒன்றும் சொல்லிப் பார்க்கவில்லை.

இன்று விடியுமுன், கணவாய் இறக்கத்தில், எதிரே ஒரு பெரிய கார் பிரைட்டில் ஏறி வந்தது. காருக்குள் பகல் மாதிரி ஆகிவிட்டது. அப்பா டிம்மில்தான் இருந்தார். ஒருமுறை சிமிட்டினார், மெல்ல. அவன் தணிக்கவில்லை. பவுன் அத்தையின் தோள் விறைத்தது. அத்தை அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, என் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார்.

இரண்டு கையாலும் பூ மூட்டையைப் பிடித்திருந்தேன்.

அப்பா அதற்கு மேல் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஓரமாக ஒதுங்கி, வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி நிறுத்தினார். அவன் ஹாரனை அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு கோபம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இருட்டு திரும்பி வந்தது. ரோடு கண்ணுக்குத் தெரியும்வரை அப்பா காத்திருந்தார்.

"ஆச்சா?" என்று கேட்டார் பவுன் அத்தை, முன்பக்கம் பார்த்தபடி. அப்பாவிடம் கேட்கிறார் என்று நினைத்தேன். அத்தை திரும்பவும் கேட்டார்.

"ஏய், ஒன்னத்தான். கண்ணு தெரியுதா?"

"தெரியுது அத்தை" என்றேன்.

"அப்ப எடுங்கண்ணே" என்றார்.